நாலு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை

நாலு வாரத்துக்கு ஒரு முறை ரமேஷ்குமார் ஊருக்கு வருவான். நாலு வாரத்துக்கு ஒரு முறை ரேணுகா வீட்டுக்குத் தூரமாவாள். இரண்டும் ஒரே சனிக்கிழமையில் வந்து நின்றால் யாரைப் போய் நோவது? முதல் தடவை இருவரும் சிரித்துக்கொண்டார்கள். இரண்டாவது தடவை அவன் உச் கொட்டினான். மூன்றாவது தடவை அவன் அம்மா ஆண்டாயி உச் கொட்டினாள். நாலாவது தடவை லயமே உச் கொட்டியது.

லயம் எப்படி உச் கொட்டும் என்று கேட்பவர்கள் லயத்தில் குடியிருந்ததில்லை. மஞ்சூருக்குக் கீழே இருக்கும் அந்த எஸ்டேட்டின் மூன்றாம் நம்பர் லயத்தில் பன்னிரண்டு வீடுகள் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கஷாயம் கொதிக்கும். வீடு என்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். அதற்குள் ஆண்டாயி, மகன், மருமகள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வந்த இரவில் ஆண்டாயி தன் கம்பளியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூன்று வீடு தள்ளியிருக்கும் பங்கஜம் வீட்டுக்குப் படுக்கப் போக வேண்டும். அது அந்த லயத்தின் மரியாதை. எல்லாக் கிழவிகளும் அப்படித்தான் போவார்கள், யாரும் வாயைத் திறந்து எதுவும் கேட்பதில்லை.

ஆனால் கம்பளி போனாலும் தெரிந்துவிடும், போகாவிட்டாலும் தெரிந்துவிடும். அடுப்படியின் பின்கதவோரம் தனிப்பாய், தனித்தட்டு, தனிச்சொம்பு என்று ரேணுகா ஒதுங்கியிருக்கும் நாட்களில் ஆண்டாயி எங்கும் நகர்வதில்லை. முன்னறையில் மகனுக்குப் பக்கத்தில் படுத்து நிம்மதியாகக் குறட்டை விடுவாள். நாலு மாதமாகக் கம்பளி வாசலைத் தாண்டவே இல்லை. குழாயடியில் தண்ணீர் பிடிக்க நிற்கும் பெண்கள் முதலில் ரேணுகாவைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். பிறகு பரிதாபப்பட்டார்கள். பரிதாபம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

எல்லாம் தேயிலை செய்த வேலை. இரண்டு வருடமாக விலை விழுந்து விழுந்து, இனி விழ இடமில்லை என்று எல்லோரும் நினைத்த பிறகும் விழுந்தது. கொழுந்து பறிப்பு வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியது. ஃபாக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையர் ஓட்டிக்கொண்டிருந்த ரமேஷ்குமாரை, விலை ஏறினால் கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பங்கஜத்தின் புருஷன் தங்கவேலு ஏற்கெனவே திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருந்தான். அவன்தான் இவனையும் இழுத்துப் போனான். பட்டறையில் ஆட்களை நாலு செட்டாகப் பிரித்து, வாரம் ஒரு செட்டுக்கு சனி ஞாயிறு லீவு கொடுப்பார்கள். தங்கவேலு இரண்டாம் செட். ரமேஷ்குமார் நாலாம் செட். நாலாம் செட் ஊர் வந்து சேரும் சனிக்கிழமையும் ரேணுகாவின் உடம்பும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக வந்தன. அவளுக்கு வயதுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள் முன்பின் ஆனதில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது அந்தப் பெருமையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களைப் பற்றிய கண்டிப்பெல்லாம் ரேணுகாவுடையதுதான். ரமேஷ்குமாருக்கு அப்படி எதுவும் கிடையாது. கல்யாணமான புதிதில் அவள் அடுப்படியில் ஒதுங்கிப் படுத்தால் அவனுக்குப் பொறுக்காது. நிலைப்படியில் வந்து குந்திக்கொண்டு, இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்தவனைக் காட்டு, நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பான். அவள் அகப்பையைத் தூக்கிக் காட்டி விரட்டுவாள். அந்த நாளில் தொட்ட ஆணுக்குக் கண் மங்கும், கைகால் விழும், வீட்டில் விளக்கு நிற்காது என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். அவன் கெக்கெக்கே என்று சிரிப்பான். கண் மங்கினால் நீ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக மாட்டாயா என்பான்.

ஒரே ஒரு தடவை அவள் இறங்கி வந்தாள். இரண்டாம் வருட மழையில், ஆண்டாயி கோத்தகிரிப் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்த சமயம். மூன்றாம் நாள். அவன் கெஞ்சவில்லை, சும்மா அருகில் வந்து படுத்துக் கதை பேசினான். அவளுக்கும் வேண்டியிருந்தது என்பதுதான் உண்மை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவளுக்குத் தூக்கமில்லை. ஃபாக்டரி சங்கு நேரம் தவறி ஊதினாலே டிரையர் அவனை விழுங்கிவிட்டதென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒன்றும் ஆகவில்லை. அவன் பாட்டுக்குக் கல்லுக்குண்டாக வந்து சோறு தின்றான். ரேணுகா மாரியம்மனிடம் மட்டும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். வருத்தப்பட்டாளா என்றால் இல்லை. அதை மாரியம்மனிடமும் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட மனிதன் இப்போது நாலு மாதமாக, சனிக்கிழமை வந்து இறங்கியதும் அடுப்படிப் பாயை ஒரு பார்வை பார்ப்பான். “இந்தத் தடவையுமா” என்பான். பெருமூச்சு விடுவான். சாப்பிட்டுப் படுத்துவிடுவான். நிலைப்படியில் வந்து உட்காருவதில்லை. ஞாயிறு மத்தியானம் பஸ்ஸுக்குப் புறப்படும்போது அம்மாவிடம் மட்டும், இவளுக்கு எப்போது பார்த்தாலும் இதே கதை என்று சொல்லிவிட்டுப் போவான். அந்தச் சொல்லை ஆண்டாயி அடுத்த நாலு வாரமும் அசைபோடுவாள். நாலு வருடமாக வயிறு திறக்கவில்லை, வருகிற இரண்டு நாளும் இப்படியென்றால் எந்தக் காலத்தில் பேரப்பிள்ளை என்பாள். சிலோனில் இருந்தபோது அவர்கள் லயத்தில் ஒருத்தி இப்படித்தான் புருஷனைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் அவன் வேறொருத்தியைக் கூட்டிவந்துவிட்டான் என்று கதை சொல்வாள். கதை சுவரைப் பார்த்துச் சொல்லப்படும், ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் ரேணுகாவுக்குத் தெரியும்.

அவள் என்னதான் செய்வாள்? செட்டை மாற்றிக் கேளுங்கள் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தாள். சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ள மாட்டான் என்றான். நான் வேண்டுமானால் இடையில் திருப்பூர் வந்து இரண்டு நாள் இருக்கட்டுமா என்றாள். பத்துப் பேர் ஒரே ஹாலில் படுக்கிற இடத்தில் உன்னை எங்கே வைத்துக்கொள்வது என்றான். இரண்டும் நியாயமாகத்தான் பட்டது. புதன்கிழமை சாயங்காலம் மாரப்பன் கடைக்கு அவன் போன் வரும். மூன்று நிமிடம் பேசுவான். மற்ற எதை மறந்தாலும், ஊருக்கு வரும் வாரத்தில் “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்க மறக்க மாட்டான். அவன் எதைக் கேட்கிறான் என்று அவளுக்குப் புரியும். கடையில் நாலு பேர் நிற்கும்போது அவள் “வழக்கம்போலத்தாங்க” என்பாள். இத்தனை தூரத்தில் இருந்தும் நினைவு வைத்துக் கேட்கிறானே என்று மனம் குளிரும்.

மாத்திரை யோசனையைச் சொன்னது பங்கஜம். கோயில் நோம்பி சமயத்தில் நாள் தள்ளிப்போகப் பெண்கள் போடுவார்களே, அதுதான். சாமிக்காகப் போடுகிறோம், புருஷனுக்காகப் போட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமா என்று பங்கஜம் கேட்டது ரேணுகாவுக்கும் சரியென்று பட்டது. மஞ்சூர் மருந்துக் கடையில் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிவந்தாள். எந்தக் கோயில் என்று கடைக்காரர் கேட்டதற்குக் கையைப் பொதுவாக மேற்கே காட்டினாள்.

மாத்திரை சும்மா விடவில்லை. மார்பு கனத்து வலித்தது. தலை சுற்றியது. வெள்ளிக்கிழமை கொழுந்து பறிக்கும்போது மேட்டில் கால் பிசகி, முதுகுக்கூடையோடு மூன்று வரிசை உருண்டு, ஒரு செடித் தூரில் போய் நின்றாள். முழங்கை உரிந்துபோனது. அது போகட்டும், நாள் தள்ளிப்போய்விட்டதே என்று அவளுக்கு உள்ளுக்குள் குதியாட்டம். புதன்கிழமை போனில்கூட அவனிடம் சொல்லவில்லை. வழக்கம்போலத்தாங்க என்றாள். நேரில் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு ஆசை.

அந்தச் சனிக்கிழமை அவன் வந்து சேர்ந்தபோது, அடுப்படியில் பாய் இல்லை. ரேணுகா தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் ஆண்டாயி எழுந்தாள், கம்பளியைச் சுருட்டினாள், யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு கம்பளி வாசலைத் தாண்டியதை லயமே பார்த்தது. பக்கத்து வீட்டில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

ரேணுகா அவன் முகத்தைப் பார்த்தாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்த முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா எங்கே போகிறாள் என்று கேட்டான். இந்தத் தடவை ஒன்றும் இல்லைங்க என்று சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதே காய்ச்சல் அடித்தது என்றான். குரங்குக் குல்லாயைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். தொடாதே என்று சொல்லவில்லை. ஆனால் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான். விடிந்ததும் அவசர ஆர்டர் இருக்கிறதென்று முதல் பஸ்ஸுக்கே போய்விட்டான்.

கம்பளியோடு திரும்பிவந்த ஆண்டாயி காலியான வீட்டைப் பார்த்தாள், வாடின பூவைப் பார்த்தாள். “என் மகன நீ என்னா சொல்லி வெரட்டினே?” என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை ரேணுகாவுக்கு வந்தது. எட்டு நாள் நிற்கவில்லை. அடுப்படிப் பாயில் சுருண்டு கிடந்து அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். உடம்பின் முறையில் கைவைத்தது தப்பு. அவனுக்கு அது வாசனைபோலத் தெரிந்திருக்கும். அல்லது தான் இத்தனை ஆசைப்பட்டுப் பூ வைத்து நின்றது அவனுக்கு அருவருத்திருக்கும். கறுத்துப்போய், எலும்பாகி, கை காய்த்துப்போய்விட்டோம், இனி யாருக்குப் பிடிக்கும் என்றுகூட யோசித்தாள். எல்லா யோசனையும் தன்னிடமே வந்து முடிந்தது. அவன் பக்கம் ஒரு யோசனையும் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து, எடை போடும் இடத்தில் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கையில் பங்கஜம்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். ரேணுகாவின் கஷ்டத்தைப் பார்த்து, மூன்று மாதம் முன்பே தங்கவேலு தன் செட்டை ரமேஷ்குமாருக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்றிருக்கிறான். சூப்பர்வைசருக்கு ஆள் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், யார் எந்த வாரம் போனாலும் அவனுக்குக் கவலையில்லையாம். ரமேஷ்குமார்தான் வேண்டாம் என்றுவிட்டான்.

“எனக்கு இந்த வாரந்தான் தோதுன்னு சொன்னாராம்டி. ஏன்டி, உன்கிட்ட சொல்லலையா?” என்று கேட்டாள் பங்கஜம்.

ரேணுகா சொன்னார் சொன்னார் என்று தலையாட்டினாள். தோது. எதற்குத் தோது? புதன்கிழமை போன்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. உடம்பு எப்படி இருக்கு, உடம்பு எப்படி இருக்கு. அக்கறை என்று நினைத்து உருகினாளே, அவன் கேட்டது, கதவு பூட்டியிருக்கிறதா என்று. பூட்டியிருந்தால் வருகிறேன் என்று.

கொழுந்து எடைபோடுபவர் அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். அன்று முழுவதும் அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் கை வேகம் கூடும். அன்றைக்கு லயத்திலேயே அதிகக் கொழுந்து அவளுடையது.

அவன் ஊருக்கு வரும் வாரத்துப் புதன்கிழமையும் போன் வந்தது. மாத்திரையால் நாள் தள்ளிப்போனதில், அந்தச் சனிக்கிழமை அவள் உடம்பு சுத்தமாக இருக்கும், அதற்கடுத்த செவ்வாய்தான் கணக்கு. அவன் கேட்டான். வழக்கம்போலத்தாங்க என்றாள் அவள். நிஜமாவா என்று இன்னொரு தடவை கேட்டான். போன தடவை மாத்திரை போட்டேன், அதுதான் அப்படி, இனி போட மாட்டேன் என்று மாரப்பன் கேட்கும்படியே சொன்னாள். மறுமுனையில் அவன் மூச்சு விடுவது கேட்டது. அந்த மூச்சில் இருந்தது நிம்மதி. அது அவளைச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

சனிக்கிழமை அவன் வந்தான். அடுப்படியில் பாய் விரித்திருந்தது. “இந்தத் தடவையுமா” என்றான், அதே பெருமூச்சோடு. நாடகக்காரன் தோற்றான். ஆண்டாயி சோறு போட்டாள், கம்பளி அதே இடத்தில் கிடந்தது. தூரமாகாத நாளில் தூரமென்று பொய் சொல்லி ஒதுங்கிப் படுத்திருப்பதும் ஒரு குற்றமோ என்று ரேணுகாவுக்கு உறுத்தியது. ஆனது ஆகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு காலை காய்கறி வாங்க ஆண்டாயி மஞ்சூருக்குப் பஸ் ஏறினாள். மேகம் இறங்கி லயத்தை மூடியிருந்தது. ரமேஷ்குமார் முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். முழங்கைவரை ஊதாச் சாயம் ஏறியிருந்தது, தேய்த்தாலும் போகாது என்பான். ரேணுகா வாசற்கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். நேராக வந்து கட்டிலில் அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

அவன் சட்டென்று விலகினான். என்ன இது, பகலில், கதவைச் சாத்திக்கொண்டு, அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்றான். அவள் அவன் கையிலிருந்த நகவெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

“எனக்கு இனிமே அந்தப் பயமெல்லாம் இல்லைங்க. தூரமா இருந்தாலும் பரவால்ல. வாங்க.”

நாலு வருடத்தில் அவள் வாயால் இப்படிக் கூப்பிட்டதில்லை. பழைய ரமேஷ்குமாராக இருந்தால் அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பான். இவன் எழுந்து சுவரோரம் போய் நின்றான்.

“சாமி குத்தம் புள்ள. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும். அந்த நாள்ல ஆம்பள தொட்டா குடும்பத்துக்கு ஆகாது.”

“நீங்களா சொல்றீங்க?”

“பெரியவங்க சும்மாவா சொல்லிவச்சாங்க.”

நிலைப்படியில் குந்திக்கொண்டு பெரியவர்களையெல்லாம் கேள்வி கேட்டவன் இவன்தான். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மெதுவாக எழுந்து அவனுக்கு எதிரில் நின்றாள்.

“நான் தூரமே இல்லைங்க. பொய் சொன்னேன். இப்ப எந்தச் சாமி குத்தம், சொல்லுங்க.”

அவன் கண் கதவுத் தாழைப் பார்த்தது. பிறகு அடுப்படியைப் பார்த்தது. போக இடமில்லை. தங்கவேலு செட் மாற்றித் தருகிறேன் என்றதையும் நீங்கள் மறுத்ததையும் நான் கேள்விப்பட்டுவிட்டேன் என்றாள். என்னைப் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள், அங்கே வேறு யாராவது இருந்தாலும் சொல்லிவிடுங்கள், இன்றைக்குச் சொல்லாமல் இந்தக் கதவு திறக்காது என்றாள். அடுத்த வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அது இல்லையென்றால் லயம் முழுவதும் கேட்டிருக்கும்.

ரமேஷ்குமார் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். முகத்தைச் சாயக் கைகளால் மூடிக்கொண்டான்.

“யாரும் இல்ல. ஒரே ஒரு தடவ. திருப்பூர் போன ரெண்டாவது மாசம். பட்டறை ஆளுங்களோட போனேன். குடிச்சிருந்தோம்.” மூடிய கைகளை எடுக்கவில்லை. “அப்புறம் எனக்குப் புண்ணு வந்திருச்சு.”

மீதியை அவன் துண்டு துண்டாகச் சொன்னான். ஒரு சந்து டாக்டரிடம் ஊசி போட்டதில் புண் ஆறிவிட்டது. ஆனால் எய்ட்ஸ் இருக்கிறதா என்று மூன்று மாதம் கழித்து ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார் என்றிருக்கிறார். பண்ணவில்லை. பட்டறையில் ஒருவன் அந்த நோயில்தான் இளைத்து இளைத்து, பாத்திரம் பண்டத்தைக்கூட யாரும் தொடாமல், ஊருக்குப் போய்ச் செத்தான். டெஸ்ட் பண்ணினால் உண்மை என்று ஆகிவிடும், பண்ணாதவரைக்கும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இதுதான் அவன் கணக்கு. முதல் தடவை அவள் தூரமாக இருந்தது தற்செயல். இரண்டாவது தடவை ஊருக்கு வரும்போது அவனுக்குப் பயம் வந்துவிட்டது, ஆனால் அடுப்படியில் பாயைப் பார்த்ததும் உயிர் வந்தது. அதன் பிறகு அதையே பிடித்துக்கொண்டான்.

“நீ தூரமா இருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அம்மா கேக்க மாட்டா. நீயே கேக்க மாட்ட. உனக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுன்னுதான் புள்ள. சத்தியமா அதுக்குத்தான்.”

அவன் அழுதான். அவள் முன்னால் அவன் அழுதது அதுதான் முதல் தடவை. ரேணுகாவுக்கு அந்தத் தோளைத் தொட வேண்டும் என்று தோன்றியது. அந்த எண்ணம் வந்ததற்காகவே தன்மேல் எரிச்சல் வந்தது. யாரோ ஒருத்தியிடம் போனான் என்பது வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் ஆறாதது அது இல்லை.

“எனக்கு ஒண்ணும் வரக் கூடாதுன்னு பாத்தீங்க. சரி. நான் எத்தன மாசமா என் உடம்பத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன்னு பாத்தீங்களா?” என்றாள். “மாத்திரை தின்னுட்டு மேட்டுல உருண்டேன். எட்டு நாள் நிக்காமப் போச்சு. உங்கம்மா என்னைய மலடிங்கறா. லயமே என்னையப் பாத்துப் பாவப்படுது. நீங்க ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவையுமான்னு கேட்டீங்களே. எப்படிங்க கேட்டீங்க?”

அவளுக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டு இன்னொன்று திறந்தது. அழுது முடியட்டும் என்று நின்றாள். முடிந்ததும், நீங்கள் இன்றைக்குத் திருப்பூர் போகவில்லை, நாளைக் காலை ஊட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள். அவன் தலையை உயர்த்தி, அதுவாக இருந்துவிட்டால் என்றான்.

“அதுவா இருந்தா மருந்து என்னன்னு கேப்போம். இல்லாட்டி இல்லன்னு தெரிஞ்சுக்குவோம். அதுக்கப்புறம் நான் இங்க இருக்கறனா, எங்கம்மா ஊட்டுக்குப் போறனான்னு நான் சொல்லுவேன். அத நீங்க கேக்கக் கூடாது.”

இன்னொன்றும் சொன்னாள். உங்கள் அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியது உங்கள் வேலை. அவன் சரி என்றான். அவன் சரி என்பதன் லட்சணம் அவளுக்குத் தெரியும். மத்தியானம் ஆண்டாயி முட்டைக்கோசும் கேரட்டுமாக வந்து இறங்கினாள், மகன் பஸ் ஏறாததைக் கேட்டு மகிழ்ந்தாள், பொழுது சாய்ந்தது, அவன் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிப் பஸ்ஸுக்கு இருவரும் புறப்பட்டார்கள். பறிப்பு இல்லாத நாள், லயம் முழுவதும் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பங்கஜம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆண்டாயி வாசலில் நின்று, ரெண்டு பேரும் சோடி போட்டுக்கொண்டு எங்கே என்று கேட்டாள். ஊட்டி ஆஸ்பத்திரிக்கு என்றான் மகன்.

ஆண்டாயியின் முகம் மலர்ந்தது. பங்கஜம் பக்கம் திரும்பிக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் சேர்த்தே சொன்னாள். “இப்பவாச்சும் புத்தி வந்துச்சே. இவளுக்கு உள்ளுக்குள்ள என்னா கோளாறுன்னு டாக்டருகிட்ட நல்லாக் காட்டிட்டு வா மகனே.”

ரேணுகா ரமேஷ்குமாரைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். மேலே மூன்றாம் வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அது ரோட்டு முக்குக்கு வந்துவிடும். அதை விட்டால் பதினோரு மணிக்குத்தான். அவன் வா என்பதுபோல் ஓரடி எடுத்து வைத்தான்.

அவள் நகரவில்லை. கையிலிருந்த பையை வாசலில் வைத்தாள். அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். புடைக்கும் சத்தம் நின்றது. பஸ் இறங்கி வரும் இரைச்சல் இரண்டாம் வளைவில் கேட்டது. என்னா புள்ள பஸ்ஸு வருதுல்ல, எந்திரி என்றாள் ஆண்டாயி. ரேணுகா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் இருக்கிறதா இல்லையா என்று ஊட்டியில் சொல்வார்கள். இவனோடு வாழ முடியுமா என்பது இந்த வாசலிலேயே தெரிந்துவிடும் என்று அவளுக்குப் பட்டது.

ரமேஷ்குமார் எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைத்தான். பஸ் கடைசி வளைவில் திரும்பியது.

“அவளுக்கு ஒரு கோளாறும் இல்லம்மா,” என்றான். “எனக்குத்தான். நான் திருப்பூர்ல பண்ணின தப்பு. அவள இனிமே யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது.”

ஆண்டாயி மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ரேணுகா எழுந்தாள். ஆறு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அதை அவனுக்குக் காட்ட விரும்பாமல், பையை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் ரோட்டுக்கு ஏறி, பஸ்ஸை நிறுத்தக் கை காட்டினாள்.